அடி தெரியணும்

ரெண்டு மாசமா இந்தப் பக்கம் தலைகாட்டலை. செமஸ்டர் கழுத்தை நெரிச்சுக்கிட்டு இருந்துச்சு. இப்பவும் ஒரு அசைன்மென்ட் பாக்கி இருக்கு. ஆனா எங்க வீட்டுச் சாப்பாட்டு மேசையில வந்து உட்கார்ந்த மூணு சிமெண்ட் துண்டுகளைப் பத்தி எழுதாம விட்டா எனக்குத் தூக்கம் வராது. கொஞ்சம் நீளமான பதிவு. காபி போட்டுக்கிட்டு வாங்க.

நான் இருக்கறது அரிசோனாவுல, ஃபீனிக்ஸ் பக்கத்துல டெம்பி. கோடையில 45 டிகிரி செல்சியஸ் எல்லாம் இங்க சர்வசாதாரணம். அதனால வீட்டுக்குப் பின்னால நீச்சல்குளம்கறது நம்ம ஊர்த் திண்ணை மாதிரி, பழைய ஓட்டை வீடுகள்ல கூட ஒண்ணு கிடக்கும். நாங்க நாலு மாணவர்கள் சேர்ந்து வாடகைக்கு எடுத்திருக்கறது அப்படி ஒரு ஓட்டை வீடு. குளியலறை ஒண்ணரை, நீச்சல்குளம் ஒண்ணு. நானு, மதுரைக்காரன் ஒருத்தன், டொரண்டோவுல வளர்ந்த யாழ்ப்பாணத் தம்பி ஒருத்தன், சமைக்கத் தெரிஞ்ச ஒரே ஆளான குண்டூர்க்காரர் ஒருத்தர். வீட்டு ஓனர் ஒரு குஜராத்தி அங்கிள். ஞாயிற்றுக்கிழமை ஆனா பேரன் பேத்தியைக் கூட்டிக்கிட்டு வந்து குளத்துல விடுவார். பேரனுக்கு 7, பேத்திக்கு 5.

குளத்தோட உள்பூச்சு எங்களுக்கு மூத்தது. தரை உப்புத்தாள் மாதிரி சொரசொரன்னு ஆகி, நீந்திட்டு வந்தா கால் கட்டைவிரல்ல ரத்தம். அங்கிள் ஒரு ஒப்பந்தக்காரரைக் கூப்பிட்டார், அவர் மூணு மாதிரித் துண்டுகளைக் கொடுத்துட்டுப் போனார். ஒண்ணு சாதா வெள்ளை ப்ளாஸ்டர். ஒண்ணு குவார்ட்ஸ் கல்தூள் கலந்தது. மூணாவது கூழாங்கல் பதிச்ச கறுப்பு. "நீங்கதானே தினமும் இறங்கறீங்க, எது வேணும்னு சொல்லுங்க, ஆனா ஆன்ட்டிக்குக் கறுப்புதான் பிடிச்சிருக்கு" அப்படின்னு வாட்ஸ்அப்புல ஒரு செய்தி.

மதுரைக்காரன் கறுப்பைக் கையில எடுத்துப் பார்த்துட்டு "மாப்ள, மலையில இருக்குற சுனை மாதிரி இருக்கும்டா" என்றான். தம்பியும் கறுப்பு. குண்டூர்க்காரர் எது விலை குறைச்சலோ அது. நான் வெள்ளைன்னு சொன்னேன். ஏன்னு கேட்டாங்க. எனக்குக் காரணம் தெரியும், ஆனா அப்ப வாயில வரலை. "வெள்ளைன்னா வெள்ளை"ன்னு ஒரு மாதிரி கத்திட்டு எழுந்து போயிட்டேன். அன்னிக்கு ராத்திரி தூக்கம் வராம நீச்சல்குளத்துக்கு உள்ளே மனுஷன் காலங்காலமா என்னத்தைப் பூசினான்னு படிக்க ஆரம்பிச்சதுதான் இந்தப் பதிவு.

முதல்ல மொகஞ்சதாரோ. பள்ளிக்கூடப் புத்தகத்துல படம் பார்த்திருப்பீங்க. அந்தப் பெருங்குளம் சுமார் 12 மீட்டர் நீளம், 7 மீட்டர் அகலம், ஆழமான இடத்துல 2.4 மீட்டர். 1925-26 வாக்குல தோண்டி எடுத்தாங்க. நாம பரிட்சைக்கு மனப்பாடம் பண்ணினது அவ்வளவுதான். ஆனா அந்தக் குளத்தோட சாமர்த்தியம் நீள அகலத்துல இல்லை. செங்கல்லை நறுக்கா ஒட்டி ஒட்டி அடுக்கி ஜிப்சம் சாந்து வெச்சிருக்காங்க. அந்தச் சுவருக்குப் பின்னால, கண்ணுக்குத் தெரியாத இடத்துல, கிட்டத்தட்ட ஒரு அங்குலம் கனத்துக்கு இயற்கைத் தார். அதாவது 4500 வருஷத்துக்கு முந்தின ஒரு கொத்தனாரோட கவலை ஒண்ணே ஒண்ணுதான்: தண்ணி கசியக்கூடாது.

ரோமாபுரிக்காரனுக்கும் அதே கவலை. அவன் கிட்ட சுண்ணாம்பு இருந்தது. ஆனா வெறும் சுண்ணாம்புச் சாந்து தண்ணிக்குள்ள இறுகாது. உடைஞ்ச ஓடு, பானை, செங்கல் இதையெல்லாம் பொடிச்சுச் சுண்ணாம்புல கலந்தா தண்ணிக்குள்ளயும் கல் மாதிரி ஆகும்னு கண்டுபிடிச்சான். இளஞ்சிவப்பா ஒரு பூச்சு. தொட்டி, கால்வாய், குளியல் குளம் எல்லாத்துக்கும் அதுதான். இது நமக்கு ரொம்பத் தெரிஞ்ச சரக்குங்க. நம்ம ஊர்ல சுர்க்கின்னு சொல்றோமே அதேதான். 1895-ல பென்னிகுவிக் முல்லைப் பெரியாறு அணையை எழுப்பினது சுண்ணாம்பும் சுர்க்கியும் சேர்த்துத்தான். சுட்ட களிமண்ணுல இருக்கிற சிலிக்கா சுண்ணாம்போட சேர்ந்து தண்ணியில கரையாத பொருளா மாறுது, ரோமாபுரியிலயும் தேக்கடியிலயும் வேதியியல் ஒண்ணுதான்.

இங்கிலாந்துல பாத் நகரத்துல இருக்கிற ரோமானியக் குளத்துல இன்னும் ஒரு படி மேல போனாங்க. 1.6 மீட்டர் ஆழக் குளத்தோட தரை முழுக்க 45 ஈயத் தகடு. இன்னிக்கு எந்த ஊர் சுகாதார அதிகாரி பார்த்தாலும் மயக்கம் போட்டு விழுந்துடுவார். :-)

கவனிங்க, இதுவரைக்கும் யாரும் நிறத்தைப் பத்திப் பேசலை. தார் கறுப்பு, சுர்க்கி சிவப்பு, ஈயம் சாம்பல். தண்ணி நின்னா போதும்.

நிறம் வந்தது அழுக்கால. 1846-ல பிரிட்டனில் பொதுக் குளியல், சலவைக் கூடங்களுக்கான சட்டம் போட்டாங்க. தொழிற்சாலை நகரங்கள்ல வீட்டுல குளிக்க வசதி இல்லாத சனங்களுக்காக. அடுத்த அம்பது அறுபது வருஷத்துல ஊர் ஊருக்குக் கூடங்கள் வந்தது, அதுல நீச்சல்குளங்களும். வடிகட்டி கிடையாது, குளோரின் கிடையாது. ஒரு நாள் ரொப்புவாங்க, சில நாள் அதுலயே எல்லாரும் முங்குவாங்க, அப்புறம் திறந்து விட்டுட்டு மறுபடி ரொப்புவாங்க. பல ஊர்ல புதுத் தண்ணி நாளுக்குக் கட்டணம் அதிகம், பழைய தண்ணி நாளுக்குக் கம்மி. நம்ம ஊர் தியேட்டர்ல முதல் நாள் டிக்கெட்டுக்கும் அம்பதாவது நாள் டிக்கெட்டுக்கும் இருந்த வித்தியாசம் மாதிரி. அந்தக் குளங்களுக்குள்ள பளபளன்னு மெருகேத்தின வெள்ளை ஓடும் வெள்ளைச் செங்கல்லும் வந்தது இந்தக் காலத்துலதான். வெள்ளையில அழுக்குப் படிஞ்சா தெரியும், தெரிஞ்சா தேய்ச்சுக் கழுவலாம். ஆஸ்பத்திரி, கசாப்புக்கடை, ரயில் நிலையக் கழிப்பறை எல்லாம் வெள்ளை ஓட்டுக்கு மாறின அதே காரணம்.

அப்புறம் 1910-ல அமெரிக்காவுல பிரவுன் பல்கலைக்கழகத்து நீச்சல்குளத்துத் தண்ணியில சலவைத்தூள், அதாவது ஹைபோகுளோரைட், போட்டுக் கிருமி கொல்லலாம்னு செஞ்சு பார்த்தாங்க. வடிகட்டிகளும் வந்துச்சு. இனி தண்ணியைத் திறந்துவிட வேண்டியதில்லை, அதையே சுத்திச் சுத்திச் சுத்தம் பண்ணலாம். இங்கதான் எனக்கு வேண்டிய விஷயம் கிடைச்சது. 1920-களில் அமெரிக்கப் பொதுச் சுகாதாரச் சங்கத்தோட குழு ஒண்ணு நீச்சல்குளங்களுக்குத் தரம் வகுத்துச்சு. அதுல கிருமி எண்ணிக்கை, ஆள் எண்ணிக்கை எல்லாம் இருக்கு. அதோட ஒரு சோதனை. 6 அங்குல விட்டத்துல ஒரு கறுப்பு வட்டு, வெள்ளைப் பின்னணி மேல, குளத்தோட ஆழமான இடத்துல போடணும். கரையில நின்னு பார்த்தா, அந்த இடத்துலேருந்து 10 கஜம் தள்ளி வரைக்கும் எங்க நின்னாலும் அந்த வட்டு தெளிவாத் தெரியணும். தெரியலைன்னா தண்ணி தேறலை.

இதுக்கு ஆய்வகம் வேண்டாம், ரசாயனம் வேண்டாம். கண்ணு இருந்தா போதும். கறுப்பு வட்டுன்னு எழுதியிருந்தாலும் அவங்க மனசுல இருந்தது வட்டு இல்லைன்னு எனக்குப் படிச்ச உடனே தெரிஞ்சது.

இங்க கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன்.

காங்கேயம் பக்கத்துல எங்க அப்புச்சி தோட்டம். மே மாச லீவுன்னா நாங்க அஞ்சு பேரு அங்கதான். எனக்கு 12 வயசு. மாமன் மகன் எல்லாத்துலயும் சின்னவன், 9 வயசு, இடுப்புல கேனைக் கட்டிக்கிட்டுப் பழகி அந்த வருஷம்தான் கேன் இல்லாம இறங்கினான். கிணத்துல தண்ணி ரெண்டு ஆள் மட்டம் இருக்கும். பச்சைப்பசேல்னு பாசி. குதிச்சு, ஏறி, மறுபடி குதிச்சு, ஒரு நேரத்துல படிக்கட்டுல நின்னு எண்ணினப்ப நாலு பேருதான் இருந்தோம்.

பக்கத்துத் தோட்டத்துக்காரங்க ஓடி வந்து குதிச்சாங்க. முங்கி முங்கித் துழாவினாங்க. கை நீட்டினா கை தெரியாத தண்ணி. மோட்டாரைப் போடலாம்னா கரண்ட் இல்லை. ஆயில் இன்ஜினைக் கொண்டுவந்து இறைச்சாங்க. மூணு மணி நேரம். அத்தை கிணத்து மேட்டுல உட்கார்ந்து தண்ணியையே பார்த்துக்கிட்டு இருந்தாங்க. அந்தத் தண்ணி பச்சைத் துணி விரிச்ச மாதிரி ஆடாம அசையாம இருந்துச்சு. அவன் கிடந்தது நாங்க உட்கார்ந்திருந்த படிக்கு நேர் கீழே.

எங்க வீட்டுல அவனைப் பத்தி யாரும் பேசறது இல்லை. ரூம்மேட்டுகள் கிட்டயும் நான் சொன்னதில்லை. சரி, குளத்துக்கு வருவோம்.

இன்னிக்கு நாம பார்க்கிற அமெரிக்க வீட்டு நீச்சல்குளத்துக்கு மூல காரணம் ஒரு பாடம் செய்யறவர். மியூசியத்துல யானை, சிங்கத்தை எல்லாம் உயிரோட இருக்கற மாதிரி நிறுத்துவாங்களே, அந்த வேலை. பேர் கார்ல் ஏக்லி. சிகாகோ ஃபீல்ட் மியூசியத்துல வேலை பார்த்தார். மியூசியக் கட்டடத்தோட வெளிச்சுவர் பூச்சு உதிர்ந்துக்கிட்டு இருந்தது. அதுக்குப் பூச்சைக் காத்தழுத்தத்துல பீய்ச்சி அடிக்கிற ஒரு கருவியை 1907 வாக்குல செஞ்சார். காய்ஞ்ச சிமெண்ட் மணல் கலவை குழாய் வழியா வரும், முனையில தண்ணி சேரும், சுவத்துல போய் அறையும். 1911-ல காப்புரிமை. இதைத்தான் கன்னைட்னு சொல்றாங்க. பலகை அடைச்சு வார்க்க வேண்டியதில்லை. குழி தோண்டி, கம்பி கட்டி, மேல அடிச்சா, எந்த வளைவுலயும் குளம் கட்டலாம். ரெண்டாம் உலகப் போருக்கு அப்புறம் கலிஃபோர்னியாவுல பின்கட்டுக்குப் பின்கட்டு குளம் முளைச்சதுக்கு இது ஒரு முக்கியக் காரணம். யானைக்குப் பஞ்சு அடைச்சவர் இவ்வளவு பெரிய வேலை பார்த்துட்டுப் போயிருக்கார்.

கன்னைட் சுவர் சொரசொரப்பு, தண்ணியும் உறிஞ்சும். மேல ஒரு தோல் வேணும். வெள்ளை சிமெண்ட், சலவைக்கல் தூள், தண்ணி. இதுதான் ஒப்பந்தக்காரர் கொடுத்த முதல் துண்டு. அரை அங்குலத்துக்கும் குறைச்சலான கனம். இதைப் பூசுறதை நான் நேர்ல பார்த்தேன், அதைக் கடைசியில சொல்றேன்.

வெள்ளைப் பூச்சு போட்ட குளம் ஏன் நீலமாத் தெரியுதுன்னு யோசிச்சிருக்கீங்களா? தரை வெள்ளை, தண்ணிக்கு நிறமில்லைன்னு படிச்சிருக்கோம். வானத்தோட நிழல்னு ஒரு பதில் சொல்லுவாங்க. அப்படின்னா கூரை போட்ட உள்ளரங்குக் குளம் ஏன் நீலம்? இதே கேள்வியைக் கடலைப் பார்த்துக் கேட்டவர் நம்ம திருச்சிக்காரர் சி.வி.ராமன். 1921-ல கப்பல்ல ஐரோப்பாவுலேருந்து திரும்பறப்ப, கடல் நீலம் வெறும் வானத்தோட பிரதிபலிப்புன்னு ராலே சொன்னது தப்பு, தண்ணி மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்குதுன்னு எழுதினார். நீச்சல்குளத்து அளவுக்கு வந்தா, முக்கியமா நடக்கறது வேற ஒண்ணு: தண்ணி சிவப்பு ஒளியைக் கொஞ்சம் கொஞ்சமா விழுங்கும். வெளிச்சம் உள்ள போய், வெள்ளைத் தரையில பட்டு, திரும்பி மேல வர்றதுக்குள்ள சிவப்புல ஒரு பங்கு போயிடுது, மிச்சம் நீலம். அதாவது வெள்ளைத் தரை வெளிச்சத்தைத் திருப்பிக் கொடுக்குது. கறுப்புத் தரை முழுங்கிடுது, அதனாலதான் மேற்பரப்பு கண்ணாடி மாதிரி ஆகி வானத்தையும் மரத்தையும் காட்டுது. ஆன்ட்டிக்குப் பிடிச்சது அதுதான்.

வெள்ளைப் பூச்சுக்கு ஒரு பலவீனம் உண்டு, அதையும் சொல்லிடணும். சிமெண்டும் சலவைக்கல்லும் சுண்ணாம்புச் சத்து. தண்ணிக்குள்ள கால்சியம் போதலைன்னா அது பசியோட பூச்சைத் தின்னும். ரொம்ப அதிகமானா கல்லா மாறிச் சுவத்துல படியும். இதுக்குக் கணக்குப் போட்டவர் பெர்க்லியில பேராசிரியரா இருந்த லாங்கலியர், 1936-ல. அவர் யோசிச்சது நகராட்சிக் குடிநீர்க் குழாய் அரிச்சுப் போகாம இருக்க. அதை நீச்சல்குளத்துக்காரங்க எடுத்துக்கிட்டாங்க. இன்னிக்கும் கடையில தண்ணி சோதிச்சா பி.எச்., கால்சியம், காரத்தன்மை, வெப்பநிலை எல்லாம் போட்டு ஒரு எண் கொடுப்பாங்களே, அது அவரோட எண். எங்க குளத்துல அந்த எண்ணை யாரும் வருஷக்கணக்காப் பார்க்கலை, என் கட்டைவிரல் சாட்சி.

நல்லாப் பராமரிச்சாலும் சாதா வெள்ளைப் பூச்சுக்கு ஆயுசு 10 வருஷம்னு சொல்றாங்க. ஆனா அந்த வழவழப்பு இருக்கே, அதுக்கு ஒரு கிளைக்கதை உண்டு. 1976-77 கலிஃபோர்னியா வறட்சியில வீட்டுக் குளங்களைக் காய விட்டாங்க. சாண்டா மோனிகா பக்கத்துப் பசங்க வேலி தாண்டிக் குதிச்சு, காலிக் குளத்தோட வளைஞ்ச வெள்ளைச் சுவத்துல ஸ்கேட்போர்டு ஓட்டினாங்க. செங்குத்தா ஏறி இறங்கற இன்னிக்கு ஸ்கேட்டிங் அங்கேருந்து வளர்ந்ததுதான். தண்ணி நிக்கறதுக்காகப் பூசினதுல தண்ணியே இல்லாம ஒரு விளையாட்டு.

காசு இருக்கறவன் எப்பவும் வேற பூச்சுதான் பூசினான். கலிஃபோர்னியாவுல ஹெர்ஸ்ட் மாளிகைன்னு ஒண்ணு, பத்திரிகை முதலாளி வில்லியம் ராண்டால்ஃப் ஹெர்ஸ்ட் கட்டினது. கட்டடக் கலைஞர் ஜூலியா மார்கன். வெளியில இருக்கிற நெப்டியூன் குளத்தை 1924-லேருந்து 1936 வரைக்கும் இடிச்சு இடிச்சுப் பெருசாக்கிக்கிட்டே இருந்தாங்க. 3,45,000 கேலன், நம்ம கணக்குல சுமார் 13 லட்சம் லிட்டர். வெள்ளைச் சலவைக்கல். உள்ளரங்கக் குளத்துல நீலமும் தங்கமுமாக் கண்ணாடிச் சில்லு, அதுல தங்கத் தகடை வெச்சு உருக்கினது. அவ்வளவு பண்ணியும் மொகஞ்சதாரோக்காரன் கவலை அவங்களை விடலை. நெப்டியூன் குளம் கசிஞ்சு, வறட்சியில 2014-ல காலி பண்ணி, ஓடு எல்லாம் பெயர்த்து மாத்தி 2018-லதான் மறுபடி ரொப்பினாங்க.

அப்புறம் டேவிட் ஹாக்னி. நீச்சல்குளத்தை வரைஞ்சே புகழ் பெற்ற ஓவியர். 1980-களோட கடைசியில ஹாலிவுட் ரூஸ்வெல்ட் ஹோட்டல் குளத்தைக் காலி பண்ணி, தரையிலேயே நீல நிறத்துல கமா கமாவாத் தீட்டிட்டார். தண்ணி ரொப்பினதும் அலை மேல அலை. அழகுதான். ஆனா பொதுக் குளத்தோட தரையில இப்படிச் சித்திரம் இருக்கக்கூடாதுன்னு மாநிலச் சுகாதார விதி குறுக்கே வந்துச்சு. கோடு கோடா இருக்கிற தரையில ஒரு ஆள் கிடந்தா எப்படித் தெரியும்? கடைசியில சட்டமன்றம் விலக்கு கொடுத்து ஓவியத்தைக் காப்பாத்துச்சு. எனக்கு ஹாக்னியைப் பிடிக்கும். இருந்தாலும் இந்த வழக்குல நான் பேர் தெரியாத அந்தச் சுகாதார அதிகாரி கட்சி.

கூழாங்கல் பூச்சு 1980-களின் பிற்பகுதியில ஆஸ்திரேலியாவுலேருந்து இந்த அரிசோனாவுக்கு வந்தது. சிமெண்ட்ல சின்னச் சின்னக் கூழாங்கல்லைக் கலந்து பூசி, முழுசா இறுகறதுக்கு முன்னாடி மேல் சிமெண்டைக் கழுவி விட்டுடுவாங்க. கல்லு மட்டும் வெளிய தெரியும். தண்ணி தின்னறதுக்கு சிமெண்ட் கம்மியா இருக்கறதால ரெட்டை ஆயுசு. நியாயமான கண்டுபிடிப்பு, குறை சொல்ல மாட்டேன். ஆனா அதோட சேர்ந்துதான் சாம்பல், கரும்பச்சை, கறுப்புன்னு இயற்கைத் தடாகம் மாதிரி நிறங்களும் பெருகிச்சு. பல மாநிலங்கள்ல பொதுக் குளத்துக்கு வெள்ளை அல்லது வெளிர் நிறம்தான்னு விதி இருக்கு. சொந்த வீட்டுப் பின்கட்டுக்கு அப்படி யாரும் வந்து பார்க்கறதில்லை. இந்த நாட்டுல 1 முதல் 4 வயசுக் குழந்தைகள் சாகறதுக்கு முதல் காரணம் தண்ணியில மூழ்கறது. அந்த வயசுல அது நடக்கறது பெரும்பாலும் வீட்டுக் குளத்துல.

இதையெல்லாம் அடுத்த ராத்திரி சோத்துத் தட்டோட உட்கார்ந்து சொன்னேன். யாழ்ப்பாணத் தம்பி விடலை. "அண்ணை, தண்ணி தெளிவா இருந்தா கறுப்புத் தரையிலயும் ஆள் தெரியும்தானே? தண்ணி கலங்கினா வெள்ளையும் உதவாது." நியாயமான கேள்வி. அவன் சொன்னதுக்கு உதாரணமே இருக்கு. 2011 ஜூன்ல மாசசூசெட்ஸ் மாநிலம் ஃபால் ரிவர்ல ஒரு பொதுக் குளத்துல ஒரு பெண் மூழ்கினார். ரெண்டு நாள் கழிச்சுத்தான் கண்டுபிடிச்சாங்க. அந்த ரெண்டு நாளும் குளம் திறந்திருந்தது, சனங்க நீந்திக்கிட்டு இருந்தாங்க. தண்ணி அவ்வளவு கலங்கல். அந்தக் கறுப்பு வட்டுச் சோதனையில தேறவே தேறாத தண்ணி. அப்புறம் இன்னொண்ணும் ஒத்துக்கணும்: வெள்ளைத் தரையில வெள்ளை, வெளிர் நீல நீச்சலுடை போட்ட குழந்தை மறைஞ்சு போயிடும். ஆக வெள்ளைப் பூச்சு உயிரைக் காப்பாத்தும்னு நான் சொல்ல முடியாது.

"ஆனா தம்பி, வெள்ளைன்னா தண்ணி கலங்கறது உடனே தெரியும், கறுப்புன்னா தெரியாது. ஆள் கீழே கிடந்தா எண்ணிப் பார்க்காமலே தெரியணும்." சொல்லிக்கிட்டு வந்தவன் அங்க நிறுத்தியிருக்கலாம். கிணத்துக் கதையையும் சொல்லிட்டேன். பத்து வருஷத்துக்கு மேல ஆச்சு, வெளிய சொன்னது அதுதான் முதல் தடவை. யாரும் ஒண்ணும் பேசலை. குண்டூர்க்காரர் எழுந்து போய் என் தட்டுல இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்தினார். மதுரைக்காரன் கறுப்புத் துண்டை எடுத்துச் சமையலறை அலமாரிக்கு மேல வெச்சுட்டான். இன்னிக்கும் அங்கதான் இருக்கு.

அங்கிள் கிட்ட நான் கதை எல்லாம் சொல்லலை. பேரன் பேத்தி பேரைச் சொல்லி ரெண்டு வரி அனுப்பினேன். அரை மணி நேரத்துல பதில் வந்துச்சு: வெள்ளையிலேயே குவார்ட்ஸ் கலந்தது போட்டுடலாம், கொஞ்சம் கூட உழைக்கும். ஆன்ட்டிக்கு அவர் என்ன சொன்னாரோ தெரியலை.

வேலை நடந்த அன்னிக்கு நான் வகுப்புக்குப் போகலை. பழைய பூச்சை முந்தின வாரமே இயந்திரம் வெச்சு உடைச்சு எடுத்துட்டாங்க. காலையில ஆறு பேர், எல்லாரும் தங்களுக்குள்ள ஸ்பானிஷ் பேசறவங்க, காலணிக்கு அடியில ஆணி ஆணியாக் கட்டிக்கிட்டு இறங்கினாங்க, ஈரப் பூச்சு மேல தடம் பதியாம நடக்க. ஒருத்தர் குழாயில கலவையை அடிக்க அடிக்க மத்தவங்க கரணையால இழைச்சாங்க. நடுவுல நிறுத்தக் கூடாது, நிறுத்தினா ஒட்டுத் தெரியும். நாலு மணி நேரத்துல மொத்தக் குளமும் முடிஞ்சது. எங்க ஊர்க் கொத்தனார் பார்த்திருந்தா கையைத் தட்டியிருப்பார். இந்த வறண்ட காத்துல காய விட்டா வெடிச்சுடும்னு பூச்சு தண்ணி ரொப்பற பதத்துக்கு வந்த உடனே குழாயைத் திறந்துவிட்டாங்க. குழாய் வாயில துணியைச் சுத்தி ஆழமான இடத்துல வெச்சுட்டு, "நிரம்பற வரைக்கும் நிறுத்தாதே, நிறுத்தின மட்டத்துல வட்டமாக் கோடு விழும்"னு சொல்லிட்டுப் போனாங்க. ஒண்ணரை நாள் ஓடிச்சு. நாங்க நாலு பேரும் முறை வெச்சு முழிச்சிருந்தோம். அடுத்த ரெண்டு வாரம் தினம் ரெண்டு தடவை பிரஷ் போட்டுத் தேய்க்கற வேலை, புதுப் பூச்சு பால் மாதிரித் தூளை விட்டுக்கிட்டே இருக்கும்.

தண்ணி தெளிஞ்சதும் எனக்கு ஒரு ஆசை. 6 அங்குலக் கறுப்பு வட்டுக்கு எங்க போறது? அம்மா கொடுத்து விட்ட இரும்புப் பணியாரச் சட்டி இருந்துச்சு, ரெண்டு அங்குலம் கூடுதல், பரவாயில்லை. எட்டடி ஆழத்துல மெல்ல விட்டேன். பத்து கஜம் தள்ளி, வேலி ஓரமா எலுமிச்சை மரத்துக்கிட்ட போய் நின்னு பார்த்தேன். ஏழு குழியும் எண்ண முடிஞ்சது.

உள்ளேருந்து குண்டூர்க்காரர் ஓடி வந்து கத்தினார். இரும்பு தண்ணியில கிடந்தா புதுப் பூச்சுல துருக்கறை ஏறிடுமாம், அப்புறம் ஆசிட் போட்டாலும் போகாதாம். சட்டையோட குதிச்சு எடுத்துட்டு வந்தேன்.